மலையகத்தில் பழைய கார் வாங்குதல்: ஏற்றத்திலும் இறக்கத்திலும் சோதித்து எடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இரவில் திடீரென்று ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவும், மழைக்காலத்தில் பிள்ளைகளை நனையாமல் பாடசாலையில் விடவும் ஒரு கார் வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய வாகனங்கள் பெரும் வரியோடு வருவதால், இருபது முப்பது வயதான கார்களுக்கும் இன்று நல்ல விலை கேட்கிறார்கள். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் ஒருவர் ஏமாந்துபோனால், மறுபடி சேர்க்க இன்னும் பத்து வருடம் ஆகும்.

கொழும்பின் சமதரையில் ஒரு குறையும் காட்டாத கார், மலை ஏறத் தொடங்கியதும் வேறு கார் ஆகிவிடுகிறது. எனக்கு நேர்ந்ததும் அதுதான். முதல் காரைக் கொழும்புக்கு அருகே ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். நான் போய்ச் சேரும்போதே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். இரண்டு கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். கித்துல்கலயைக் கடந்து கினிகத்தேனைக்கு ஏறும் வளைவுகளில் வெப்பம் காட்டும் முள் மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது. பொனெட்டின் விளிம்பிலிருந்து ஆவி வந்தது. வாளியில் தண்ணீரோடு ஓடி வந்த தேநீர்க்கடைக்காரர், ரேடியேட்டர் மூடியில் கை வைத்த என்னைத் தடுத்து, "தம்பி, அரை மணித்தியாலம் ஆறட்டும், இப்ப தொறந்தா மூஞ்சிய வேகவச்சிரும்" என்றார். எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கெஸ்கட் போயிருந்தது. அதைத் திருத்த, காரின் விலையில் ஆறில் ஒரு பங்கு செலவானது. அன்றிலிருந்து உறவினருக்கும் நண்பர்களுக்கும் கார் பார்க்கப் போகும்போதெல்லாம், எங்கே ஓடப் போகிறதோ அந்த மாதிரியான பாதையில் ஓட்டிப் பார்க்காமல் நான் எதையும் நல்ல கார் என்று சொல்வதில்லை.

கையில் உள்ள பணத்தைப் பிரித்தல்

காரைத் தேடுவதற்கு முன், கையில் உள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பத்து இலட்சம் ரூபா இருந்தால் உங்கள் கார் எட்டு இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். மீதி இரண்டு இலட்சமும் வாங்கிய முதல் மாதத்திலேயே பெயர் மாற்றம், காப்புறுதி, டயர், பற்றரி, டைமிங் பெல்ட், பிரேக் வேலை என்று போய்விடும். முழுத் தொகையையும் காருக்கே கொடுத்துவிட்டுத் தேய்ந்த டயரோடு ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மழையில் ரம்பொடை வளைவுகளில் அப்படி ஓட்டுவது குடும்பத்தின் உயிரைப் பணயம் வைப்பதாகும். விற்பவர் எவ்வளவு இறங்கி வந்தாலும் இந்த ஒதுக்கீட்டில் கை வைக்காதீர்கள். மிகப் பழைய காரை லீசிங்கில் எடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் மாதத் தவணையும் திருத்தச் செலவும் ஒரே மாதத்தில் வரும்போது பெரும்பாலும் திருத்தம்தான் தள்ளிப் போகிறது.

எந்தக் கார் மலைக்குப் பொருந்தும்

உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால், டேர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வோர் 1000 மீற்றருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே உள்ள நீர் கொதிக்காமல் இருக்கிறது. ஆகவே சிறிய எஞ்சினும் பழுதான ரேடியேட்டர் மூடியும் கரையோரத்தில் மன்னிக்கப்படலாம், மலையில் மன்னிக்கப்பட மாட்டா.

மாருதி 800, சுசுகி ஆல்டோ ஆகிய 796 சீசீ கார்கள் எளிமையானவை, எரிபொருள் குறைவாகக் குடிப்பவை, உதிரிப்பாகம் எங்கும் கிடைப்பவை. இருவரோ ஒரு சிறு குடும்பமோ பாவிக்க அவை போதும். நான்கு பெரியவர்களும் மூட்டைகளும் ஏறினால், தலவாக்கலையிலிருந்து மேலே முதலாம் இரண்டாம் கியரிலேயே இழுக்க வேண்டி வரும். சற்றுக் கூடுதல் பணம் இருந்தால் நிசான் சனியின் எஃப்.பி. 14, எஃப்.பி. 15 வகைகளையும், டொயோட்டா கொரோலாவின் 110, 121 வகைகளையும் நான் முதலில் பார்ப்பேன். 1500 சீசீ சனியின் எஞ்சினிலும் 121 கொரோலாவின் 1500 சீசீ எஞ்சினிலும் வால்வுகளை இயக்க டைமிங் செயின் இருக்கிறது, பெல்ட்டைப் போல அதைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டியதில்லை. 1500 சீசீ 110 கொரோலாவில் பெல்ட் இருப்பதால், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லையெனில் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஆல்டோவிலும் பெல்ட்தான். பழைய டீசல் வேன்களையும் கார்களையும் தோட்டப்புறத்தில் விரும்பி வாங்குகிறார்கள். டொயோட்டாவின் 2சி டீசல் எஞ்சின் ஒருமுறை அதிகம் சூடேறினாலே ஹெட்டில் வெடிப்பு விழக்கூடியது என்பதை அறிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பணம் குறைவாக உள்ளவர் மெனுவல் கியரையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேய்ந்த கிளட்ச் தட்டை ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு நாளில் மாற்றிவிடலாம், தேய்ந்த ஓட்டோ கியர்பொட்டியை அப்படி மாற்ற முடியாது. அதே காரணத்தால் அரிதான ஐரோப்பியக் கார்களையும், பற்றரியின் நிலை தெரியாத பழைய ஹைபிரிட்டுகளையும் விட்டுவிடுங்கள். இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்று உண்டு: உங்கள் ஊர்க் கராஜ் பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம் போய், "நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய மூன்று கார்கள் எவை?" என்று கேளுங்கள். அந்த மூன்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தால், எதிர்காலத்தில் ஒரு சிறு பாகத்துக்காகக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை வரை போய் அலைய வேண்டியிருந்தாலும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல ஒருவராவது பக்கத்தில் இருப்பார்.

காரைப் பார்க்கும் முன் பத்திரங்களைப் பாருங்கள்

பளபளக்கும் காரைப் பார்த்த பிறகு மனம் பத்திரத்தின் குறையைப் பொருட்படுத்தாது. எனவே விளம்பரத்தைப் பார்த்து அழைக்கும்போதே, வாகனப் பதிவுச் சான்றிதழின், அதாவது எல்லோரும் சி.ஆர். என்று சொல்கிற பத்திரத்தின் படத்தைக் கேளுங்கள். அதில் பதிவுசெய்த உரிமையாளரின் பெயர் விற்பவரின் அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும். அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து உரிமை விடுவிக்கப்பட்டதற்கான கடிதம் வேண்டும். "கட்டி முடிஞ்சுது, கடிதம் அடுத்த கிழமை வரும்" என்றால், அடுத்த கிழமையே போகலாம்.

மலையகத்தில் ஓபன் பேப்பர் என்ற பழக்கம் மிகச் சாதாரணமாகிவிட்டது. உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு கார் மூன்று நான்கு கை மாறியிருக்கும், சி.ஆரில் இருக்கும் மனிதர் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்பதே விற்பவருக்குத் தெரியாது. விலை குறைவு என்பதற்காக இப்படி வாங்குவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பெயர் மாற்றும் நாளில் கையொப்பம் பொருந்தாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய காருக்கு நீங்கள் உரிமையாளர் அல்ல. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன எண்ணைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, பதிவில் உள்ள விபரங்களைப் பெறலாம்; அதைப் பெற்ற பிறகே முற்பணம் கொடுங்கள்.

வருமான அனுமதிப்பத்திரமும் எமிஷன் (புகைப் பரிசோதனை) சான்றிதழும் காப்புறுதியும் நடப்பில் இருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், நிலுவையையும் தண்டப்பணத்தையும் யார் கட்டுவது என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். காப்புறுதி இல்லாத காரை ஓட்டிப் பார்க்க ஏறவே கூடாது.

விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது

காலை ஆறரைக்கோ ஏழுக்கோ வருவதாகச் சொல்லுங்கள், "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்" என்றும் சொல்லுங்கள். போனவுடன் பொனெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். ஹட்டனில் பனி இறங்கிய காலையில் அந்தத் தகடு ஐஸ் போல இருக்க வேண்டும். இளஞ்சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்பே ஓட்டியிருக்கிறார்கள்.

குளிர்ந்திருக்கும்போதுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். உள்ளே பச்சை அல்லது சிவப்புக் கூலன்ட் இருந்தால் நல்லது. செங்கபிலத் துருநீர் இருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் குழாய்கள் பாதி அடைத்திருக்க வாய்ப்புண்டு. நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்தக் காரை அங்கேயே விட்டு வாருங்கள். அடுத்து ஒயில் அளவுக் கோலை இழுத்துப் பாருங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: குளிர்ப் பிரதேசத்தில் சிறிய தூரமே ஓடும் கார்களில், ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் பால் போன்ற மெல்லிய படலம் படிவது ஈரப்பதத்தால் நிகழலாம். அளவுக் கோலின் நுனியிலும் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால்தான் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்.

பிறகு சாவியைத் திருகுங்கள். குளிரில் வெளிவரும் வெள்ளைப் புகை நீராவிதான், எஞ்சின் சூடானதும் மறைந்துவிடும். பத்து நிமிடம் கழித்தும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, இனிப்பான வாடையும் அடித்தால் அது ஹெட் கெஸ்கட்.

தகடும் தரையும்

புதுப் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். விற்பதற்காகவே அடித்த பெயின்டாக இருக்கலாம். சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, பக்க அடித்தகடு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் இரும்புக்கு மேல் பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசை அப்பியிருக்கிறது. டிக்கியின் விரிப்பைத் தூக்கி உபரிச் சக்கரம் கிடக்கும் குழியையும், ஜக் வைக்கும் இடங்களையும், முன் சஸ்பென்ஷன் உடலோடு பூட்டும் கோபுரத்தையும் பாருங்கள். கடைசியாகச் சொன்ன இடத்தில் துரு தின்றிருந்தால், டிங்கரிங் வேலையால் அதை நம்பகமாகச் சரிசெய்ய முடியாது. கரையோரத்தில் பல வருடம் நின்ற கார்கள் உப்புக்காற்றால் அடியிலிருந்து அரிக்கப்பட்டிருக்கும், எங்கள் பக்கத்துக் கார்கள் ஓயாத ஈரத்தால் கதவின் கீழ் விளிம்பிலிருந்து அரிக்கப்பட்டிருக்கும். இரண்டும் துருதான் என்றாலும் முதல் வகையே மோசமானது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் நாடெங்கும் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. அவற்றில் சில கழுவி உலர்த்தப்பட்டு விற்பனைக்கு வரும். சீட் பெல்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். இறுதி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரிகிறதா, சீட்டுக்கு அடியில் உள்ள ஆணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா, முகப்பு விளக்கின் உள்ளே நீர்க்கறை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சீட் உறையைக் கழுவுகிறவர்கள் பெல்டின் சுருளைக் கழுவுவதில்லை.

ஓடிய தூரத்தைக் காட்டும் இலக்கத்தை நான் நம்புவதில்லை. இருபத்தைந்து வயதுக் கார் 80,000 கிலோமீற்றர்தான் ஓடியது என்றால், பிரேக் பெடலின் ரப்பரையும் ஸ்டேரிங்கின் தேய்வையும் பாருங்கள், அவை உண்மையைச் சொல்லும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தில் உற்பத்தி நாள் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். கோடுகள் ஆழமாக இருந்தாலும் பத்து வயது டயரைப் புதிதாக மாற்றியே ஆக வேண்டும்.

ஏற்றம்

ஓட்டிப் பார்க்கும் பாதையை நீங்களே தெரிவு செய்யுங்கள். குறைந்தது ஐந்து கிலோமீற்றர் தொடர்ந்து ஏறும் பாதை வேண்டும், வீட்டில் எத்தனை பேர் பயணம் செய்வீர்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். சாய்வான ஓரிடத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்துக் காலை எடுங்கள். கார் அசையக் கூடாது. அங்கிருந்தே முதல் கியரில் கிளப்புங்கள். நடுக்கமோ எரிந்த வாடையோ வந்தால் கிளட்ச் முடிவுக்கு வந்துவிட்டது. பிறகு மூன்றாம் கியரில் ஏறும்போது எக்சலேட்டரை முழுவதும் மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. சமதரையில் இந்தக் குறை கண்ணில் படுவதேயில்லை.

ஏறும் நேரம் முழுவதும் ஒருவர் வெப்ப முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது பாதிக்குச் சற்றுக் கீழே வந்து அங்கேயே நிற்பதுதான் சரி. வளைவுக்கு வளைவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால், ரேடியேட்டரோ வாட்டர் பம்ப்போ ஹெட் கெஸ்கட்டோ குறையுடையது. விற்பவர் "முள்ளு பிழை, எஞ்சின் நல்லது" என்று சொல்லக்கூடும், அதை ஏற்காதீர்கள். பின்னால் வரும் புகையையும் கண்ணாடியில் கவனியுங்கள். ஏற்றத்தில் விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. கார்புரேட்டர் உள்ள பழைய கார்களில் கரையோரக் காற்றுக்கு ஏற்றபடி அமைத்த கலவை உயரத்தில் சற்றுக் கூடுதல் எரிபொருளாகிவிடுவதால், இலேசான கறுப்புப் புகைக்காக மட்டும் ஒரு நல்ல காரை ஒதுக்க வேண்டாம்.

உச்சியில் நிறுத்தி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மின்விசிறி உள்ள காரில் அது தானாக ஓடி, தானாக நிற்க வேண்டும். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் முதல் முயற்சியிலேயே பற்ற வேண்டும்.

இறக்கம்

பெரும்பாலோர் ஏற்றத்தைச் சோதித்ததும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். ஆனால் உயிர் போகும் குறைகள் இறக்கத்தில்தான் வெளிப்படுகின்றன.

இரண்டாம் கியரில் இறங்கும்போது எக்சலேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுங்கள். எஞ்சின் காரைப் பிடித்து இழுக்கும் அந்த நேரத்தில் கியர்க் கம்பு தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால், கியர்பொட்டி உள்ளே தேய்ந்திருக்கிறது. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக ரம்பொடைக்கு இறங்குகையில் அப்படி நடந்தால், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். இந்தக் குறை உள்ள காரை எந்த விலைக்கும் நான் எடுக்க மாட்டேன். ஐந்து நிமிடம் இப்படி எஞ்சின் பிடியில் இறங்கிய பின் எக்சலேட்டரை மிதிக்கும்போது ஒரு கொத்து நீலப் புகை வந்து மறைந்தால், அது வால்வு சீல். ரிங் தேய்வைவிட மலிவாகத் திருத்தக்கூடியது, விலையைக் குறைத்துப் பேசலாம்.

வெப்ப முள் இறக்கத்தில் ஏறத்தாழக் குளிர் நிலைக்கே விழுந்துவிட்டால், எஞ்சின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் கழற்றப்பட்டிருக்கக்கூடும். எங்கள் நாட்டில் இது அடிக்கடி செய்யப்படுகிறது. சூடேறும் காரை விற்பதற்காகக் கழற்றியிருக்கலாம் என்பதால், ஏற்றத்தில் முள் ஒழுங்காக நின்றிருந்தாலும் சந்தேகத்தோடு பாருங்கள். அதோடு, குளிரில் எஞ்சின் போதிய சூடு பெறாமல் ஓடினால் எரிபொருளும் வீணாகும், தேய்வும் கூடும்.

பிரேக்கைச் சோதிக்க, பின்னால் வாகனம் இல்லாத நேரான இடத்தில் நிதானமான வேகத்திலிருந்து அழுத்துங்கள். கார் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. இறக்கத்தின் முடிவில் பெடல் தொடக்கத்தில் இருந்ததைவிட மென்மையாகி ஆழமாகப் போனால், பிரேக் ஒயில் பழையது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நீண்ட இறக்கத்தின் சூட்டில் அந்த நீர் ஆவியாகும்போது பெடல் வெறுமையாகப் போகும். நிறுத்திய பின், எஞ்சினை அணைத்து பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள்; பெடல் காலடியில் சற்று இறங்கினால் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது.

திரும்பும் வழியில் ஒரு கிலோமீற்றராவது தோட்டத்துக் கல்பாதையில் ஓட்டுங்கள். கண்ணாடிகளை இறக்கி, வானொலியை அணைத்து, கேளுங்கள். ஸ்டேரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. குழியில் விழும்போது வரும் மந்தமான தட்டல் பெரும்பாலும் புஷ் அல்லது போல் ஜொயின்ட். இவை எல்லாம் மாற்றக்கூடியவை, எழுதி வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள்.

கராஜும் கைமாற்றமும்

இவ்வளவும் தேறிய காரை, விற்பவரின் ஆளிடம் அல்லாமல் உங்கள் பாஸிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சி.ஆரோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுவதை மட்டும் நீங்களே செய்யுங்கள். எண் கொத்தப்பட்ட இடம் தேய்க்கப்பட்டிருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

பணத்தைப் பதிவுசெய்த உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். அதே நாளில் அவர் உங்கள் முன்னிலையில் ஒப்படைப்புப் படிவங்களில் கையொப்பமிட வேண்டும், அடையாள அட்டைப் பிரதியையும் தர வேண்டும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தரகர் உடனிருந்தால் அவருடைய கூலி யாருடையது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் மாதம்

ஒதுக்கி வைத்த ஐந்தில் ஒரு பங்கு இப்போதுதான் வெளியே வர வேண்டும். முதலில் பிரேக் ஒயிலை முழுவதும் மாற்றி, பிரேக் கட்டைகளையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பார்ப்பது. அடுத்து ரேடியேட்டரைக் கழுவி, புதிய மூடியும் கூலன்டும் தெர்மோஸ்டாட்டும் போடுவது. பிறகு எஞ்சின் ஒயிலும் ஃபில்டரும், பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால் டைமிங் பெல்ட். அதன் பின்னரே டயர், சீட் உறை, வானொலி. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். டயர் மோசமாக இருந்தால் மட்டும் அது பிரேக்கோடு சேர்ந்து முதலிடத்துக்கு வரட்டும். ஒவ்வொரு வேலைக்கும் நாளையும் கிலோமீற்றர் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, கொப்பியை டேஷ்போர்ட்டின் அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காரில் எப்போதும் ஐந்து லீற்றர் தண்ணீர் போத்தல் ஒன்றும், சாய்வில் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டையும் இருக்கட்டும்.